இலையுதிர்காலத்தில் புவெனஸ் ஐரிஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸுக்கு மார்ச் முதல் மே வரையிலான மாதங்களில் செல்ல நினைப்பவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. விசா, பணம், சாப்பாடு ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அந்த மாதங்களில் அந்த நகரம் எவற்றையெல்லாம் நினைவுகூர்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. அதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன், ஏனெனில் இந்தப் பருவத்தில் அங்கே போவதற்கு அதுவே முதன்மையான காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

மார்ச் முதல் மே வரை எப்படி இலையுதிர்காலம் ஆகும்?

புவெனஸ் ஐரிஸ் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 34 பாகையில் இருப்பதால், அங்கே பருவங்கள் நமக்குத் தலைகீழாக அமைகின்றன. ஜனவரி கடும் கோடை, ஜூலை குளிர்காலம். நம் ஊரில் வெயில் ஏறத் தொடங்கும் மார்ச் மாதத்தில் அங்கே வெயில் இறங்கத் தொடங்குகிறது. மார்ச்சில் பகல் வெப்பம் சராசரியாக 26, 27 டிகிரி வரை போகும். ஏப்ரலில் 23 அளவுக்கு இறங்கும். மே மாதத்தில் 19 ஆகிவிடும். மே மாதத்து இரவுகளில் 11 டிகிரி வரை குறைவது வழக்கம். பனி பொழியும் ஊர் அல்ல அது. ஆனால் லா பிளாட்டா ஆற்றின் கரையில் இருப்பதால் காற்றில் எப்போதும் ஈரம் நிற்கிறது. "ஆளைக் கொல்வது ஈரப்பதம்தான்" என்பது அந்த ஊர்க்காரர்கள் நாள்தோறும் சொல்லும் வாசகம். குளிர் நாள்களிலும் அது உண்மைதான்; 12 டிகிரி என்று கைப்பேசி காட்டினாலும், உடலுக்கு அதைவிடக் குறைவாகவே தோன்றும்.

மூன்று மாதங்களில் எது சிறந்தது?

ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து மே 25 வரை என்று தயங்காமல் சொல்வேன். மார்ச்சில் கோடையின் புழுக்கம் முழுதாக விலகியிருக்காது, கனமழையும் அதிகம். கொசுத் தொல்லையும் உண்டு. 2024-இல் மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் டெங்கு அந்த நாட்டை மிக மோசமாகத் தாக்கியது. மார்ச்சில்தான் போக முடியும் என்றால், கொசு விரட்டிக் களிம்பை இங்கிருந்தே வாங்கிச் செல்லுங்கள். மே மாதக் கடைசியில் வேறொரு குறை: சூரியன் காலை ஏறத்தாழ எட்டு மணிக்கு எழுந்து, மாலை ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஐந்தாறு வாரங்களில் வானம் தெளிந்து, வெயில் சாய்வாக விழுந்து, நாள் முழுவதும் நடந்தாலும் களைப்புத் தட்டாத வானிலை அமைகிறது.

மழை பயணத்தைக் கெடுத்துவிடுமா?

ஓரிரு நாள்களைக் கெடுக்கலாம். "சுதெஸ்தாதா" என்ற தென்கிழக்குக் காற்று வீசத் தொடங்கினால், இரண்டு மூன்று நாள்கள் வானம் சாம்பல் நிறமாகவே நிற்கும், தூறல் ஓயாது. காற்று ஆற்றுநீரைக் கரையை நோக்கித் தள்ளுவதால், தாழ்வான கரையோரப் பகுதிகளில் வெள்ளமும் வருவதுண்டு. அப்படிப்பட்ட நாள்களை அருங்காட்சியகங்களுக்கும் புத்தகக் கடைகளுக்கும் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

மழை நின்ற பிறகும் ஒரு கண்ணியில் கவனம் தேவை. நடைபாதைகளில் சிறு சதுரக் கற்கள் பதித்திருப்பார்கள். மரங்களின் வேர்கள் தூக்கிவிடுவதால் பல கற்கள் பிடிமானமற்று ஆடிக்கொண்டிருக்கும். அவற்றின் அடியில் மழைநீர் தேங்கியிருக்கும். மேலே பார்த்தால் காய்ந்த கல்லாகத்தான் தெரியும். ஓரத்தில் கால் வைத்ததும் மறு ஓரம் எழும்பி, சேற்றுநீர் முழங்கால்வரை பீய்ச்சி அடிக்கும். துணிக் காலணியைத் தவிர்த்து, தோல் காலணியோ நீர் புகாத காலணியோ அணிந்து செல்லுங்கள்.

இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் வட அமெரிக்கப் படங்களில் காணும் செந்நிறக் காடுகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இந்த ஊரின் இலையுதிர்காலத்துக்கு மஞ்சள்தான் நிறம். தெருக்களில் மிகுதியாக நிற்பவை ஆஷ் மரங்கள். அங்கே அவற்றை "பிரெஸ்னோ" என்பார்கள். மே மாதத்தில் அவை ஒரேயடியாகப் பொன்னிறமாகி, குடியிருப்புத் தெருக்களின் இரு மருங்கும் கூரை வேய்ந்தாற்போல் ஆகிவிடும். பிளேன் மரங்களின் உள்ளங்கை அளவு இலைகள் பழுப்பேறி நடைபாதையில் குவிய, காலையில் கடைக்காரர்கள் அவற்றைக் கூட்டித் தள்ளும் ஓசை தெரு முழுவதும் கேட்கும்.

நம்மவர்கள் கட்டாயம் நின்று பார்க்க வேண்டிய மரம் ஒன்று உண்டு. "பாலோ போராச்சோ", அதாவது குடிகார மரம் என்று அதற்குப் பெயர். அடிமரம் பீப்பாய்போல் உப்பி, பட்டை முழுவதும் கூம்பு வடிவ முட்களோடு நிற்கும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, இலைகளைவிடப் பூக்களே அதிகமோ எனும்படி இளஞ்சிவப்பாகப் பூத்துத் தள்ளும். இது நம் இலவ மரத்தின் நெருங்கிய உறவு. காய் முற்றி வெடித்தால் இங்கும் வெண்பஞ்சுதான். இலவு காத்த கிளி அந்த ஊரிலும் ஏமாந்துதான் போகும். அகன்ற 9 தெ ஹூலியோ சாலையிலும் பலேர்மோ பூங்காக்களிலும் இம்மரங்களைக் காணலாம்.

இந்த மரங்கள் இப்படி நிற்பதற்குப் பெரிதும் காரணமானவர் கார்லோஸ் தாய்ஸ் என்ற பிரெஞ்சு நாட்டுத் தோட்டக்கலை வல்லுநர். 1891-இல் நகரப் பூங்காக்களின் இயக்குநராகப் பொறுப்பேற்ற அவர், நாட்டின் வடபகுதிக் காடுகளிலிருந்து மரவகைகளைக் கொண்டுவந்து தெருக்களில் நட்டார். அவர் அமைத்த தாவரவியல் பூங்கா 1898-இல் திறக்கப்பட்டது. பலேர்மோவில் உள்ள ரோஜாத் தோட்டம் வசந்தத்தில் பூப்பதைப் போலவே ஏப்ரலில் இரண்டாம் முறையும் பூக்கிறது.

இந்த மாதங்களில் வரும் பொதுவிடுமுறைகள் பயணத்துக்கு இடையூறாகுமா?

கடைகளும் அலுவலகங்களும் மூடியிருக்கும் என்பதால் பலர் இந்த நாள்களைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள். அந்த நாள்களைத் தேடிப் போங்கள் என்பதே என் வேண்டுகோள். மார்ச் 24 முதல் மே 25 வரை, ஏறத்தாழ இரண்டு மாதங்களில், இந்த நாடு தன் வரலாற்றின் பெரும் துயரையும் பெருமிதத்தையும் வரிசையாக நினைவுகூர்கிறது. அவற்றில் பெரும்பகுதி நிகழ்வது ஒரே சதுக்கத்தில், பிளாசா தெ மாயோவில்.

மார்ச் 24 நினைவு நாள். 1976-இல் அன்றுதான் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1983 வரை நீடித்த அந்த ஆட்சியில் கடத்திச் செல்லப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் 30,000 பேர் என்று மனித உரிமை அமைப்புகள் கூறுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் அன்று மக்கள் திரண்டு, காணாமல் போனவர்களின் படங்களை ஏந்திச் சதுக்கத்துக்கு நடந்து வருகிறார்கள். பாட்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் வருவார்கள்.

ஏப்ரல் 2 என்பது, 1982-இல் மால்வினாஸ் தீவுகளுக்காக, அதாவது ஆங்கிலேயர்கள் ஃபாக்லாந்து என்று அழைக்கும் தீவுகளுக்காக, பிரிட்டனுடன் நடந்த போரை நினைவுகூரும் நாள். ரெத்திரோ பகுதியில் உள்ள சான் மார்த்தின் சதுக்கத்துச் சரிவில், போரில் இறந்த 649 அர்ஜென்டினர்களின் பெயர்கள் பொறித்த நினைவிடம் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே நிற்பது, ஒரு காலத்தில் பிரிட்டிஷ் குடியேறிகள் அன்பளிப்பாகக் கட்டித்தந்த மணிக்கூண்டு. ஆங்கிலேயர் கோபுரம் என்று வழங்கிய அதன் பெயரைப் போருக்குப் பின் மாற்றிவிட்டார்கள்.

ஏப்ரல் 30-க்கு விடுமுறை கிடையாது. ஆனால் 1977-இல் அந்த நாளில்தான், தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டு 14 பெண்கள் பிளாசா தெ மாயோவில் முதன்முதலாகக் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நகருங்கள் என்று காவலர்கள் விரட்டவே, இருவர் இருவராகக் கைகோத்துச் சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். பிறகு தலையில் கட்டிக்கொண்ட வெள்ளைத் துணி, "பிளாசா தெ மாயோ அன்னையர்" என்று பெயர்பெற்ற அவர்களுடைய அடையாளமாயிற்று. முதலில் அவர்கள் கட்டியது குழந்தைகளுக்குப் பயன்படுத்தும் அணையாடைத் துணி.

இறுதியாக மே 25. 1810-இல் ஸ்பானிய அரசப் பிரதிநிதியை நீக்கிவிட்டு, சொந்த ஆட்சிக்குழுவை அமைத்த நாள் அது. நெஞ்சில் இளநீலமும் வெள்ளையும் கலந்த நாடாப்பூவைக் குத்திக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள். வெண்சோளம், பூசணி, பீன்ஸ், இறைச்சி எல்லாம் சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்கவிட்ட "லோக்ரோ" என்ற குழம்பின் மணம் அன்று தெருவுக்குத் தெரு எழும்.

அன்னையரின் வியாழக்கிழமை நடையை வெளிநாட்டவர் பார்க்கலாமா?

பார்க்கலாம், உடன் நடக்கவும் செய்யலாம். வியாழக்கிழமைதோறும் மாலை 3.30 மணிக்கு, சதுக்கத்தின் நடுவே உள்ள மே பிரமிடைச் சுற்றி அந்த நடை இன்றும் தொடர்கிறது. அதைச் சுற்றித் தரையில் வெள்ளைத் தலைத்துணிகளின் வடிவம் வண்ணத்தால் தீட்டப்பட்டிருக்கும். அன்னையரில் பலர் இறந்துவிட்டார்கள், எஞ்சியோர் முதுமையின் எல்லையில் இருக்கிறார்கள். முன்னே ஓடிச் சென்று அவர்கள் முகத்தருகே கைப்பேசியை நீட்டாதீர்கள். ஓரமாக நின்று ஒரு சுற்றைப் பார்த்துவிட்டு, அடுத்த சுற்றில் பின்னால் சேர்ந்து நடப்பதே முறை.

இதைப் பார்த்த பிறகு, நூனியேஸ் பகுதியில் உள்ள முன்னாள் கடற்படை இயந்திரவியல் பள்ளிக்கும் செல்லுங்கள். ஏறத்தாழ 5,000 பேர் அங்கே மறைவாக அடைத்து வைக்கப்பட்டார்கள். மிகச் சிலரே உயிரோடு வெளிவந்தார்கள். 2023-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அன்று மாலைக்கு வேறு திட்டம் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

புத்தகம், இசை, நாடகம் ஆகியவற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு என்ன இருக்கிறது?

இந்தப் பருவம் அவர்களுக்கென்றே அமைந்தது. 1975 முதல் நடைபெறும் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி, பலேர்மோவின் லா ரூரால் வளாகத்தில் ஏப்ரல் கடைசியில் தொடங்கி, மே நடுப்பகுதி வரை ஏறத்தாழ மூன்று வாரங்கள் நடக்கும். ஸ்பானியம் தெரியாதவரும் ஒரு மாலையை அங்கே கழிக்கலாம். குடும்பம் குடும்பமாக மக்கள் புத்தகப் பைகளுடன் தரையில் அமர்ந்து படிப்பதைப் பார்ப்பதே நிறைவு தரும். 1919-இல் நாடக அரங்காகக் கட்டப்பட்டு, இன்று புத்தகக் கடையாக இயங்கும் எல் அத்தனேயோவில் பழைய மேடை சிற்றுண்டிச்சாலையாகவும் பார்வையாளர் மாடங்கள் புத்தக அடுக்குகளாகவும் மாறியுள்ளன. 1908 மே 25 அன்று திறக்கப்பட்ட கொலோன் இசையரங்கில் இந்த மாதங்களில் இசைநாடகங்கள் நடைபெறும். மேல்தட்டில் நின்றுகொண்டு பார்க்கும் சீட்டு மிகவும் மலிவு, ஒலியும் அங்கே நன்றாகவே எட்டுகிறது.

சைவ உணவு கிடைக்குமா?

மாட்டிறைச்சிக்குப் பேர்போன ஊர் என்பதால் இந்த அச்சம் எல்லோருக்கும் உண்டு. பட்டினி கிடக்க நேராது, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். இத்தாலியக் குடியேற்றத்தின் பயனாகப் பீட்சாவும் பாஸ்தாவும் எங்கும் கிடைக்கும். கொரியென்தெஸ் சாலையில் உள்ள பழைய பீட்சாக் கடைகளில் நின்றபடியே ஒரு துண்டு வாங்கி, அதன் மேல் "ஃபைனா" என்பதை வைத்துத் தரச் சொல்லுங்கள். கொண்டைக்கடலை மாவைக் கரைத்து, எண்ணெய் ஊற்றி அடுப்பில் சுட்ட தட்டையான அடை அது. மேலே மிளகுத்தூளைத் தூவினால் நம் நாக்குக்கு உடனே பழகிவிடும். "எம்பனாதா" என்ற, சோமாசி போன்ற பலகாரத்தில் மக்காச்சோளப் பூரணம் வைத்தது, வெங்காயமும் பாலாடைக்கட்டியும் வைத்தது, கீரை வைத்தது எனப் பல வகை உண்டு. எதற்குள் என்ன பூரணம் என்பதை ஓரத்து மடிப்பின் வடிவத்தை வைத்தே கடைக்காரர் சொல்லிவிடுவார்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மாட்டிறைச்சி வேண்டாம் என்று மட்டுமே பலர் புரிந்துகொள்வார்கள். கோழியோ பன்றி இறைச்சித் துண்டோ தட்டில் வந்துவிடும். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். இரண்டாவது, காலைச் சிற்றுண்டியில். "மெதியலூனா" என்ற பிறைவடிவ ரொட்டியில் வெண்ணெய் சேர்த்த வகையும் விலங்குக் கொழுப்பு சேர்த்த வகையும் அடுத்தடுத்த தட்டுகளில் இருக்கும். உப்பிய, இனிப்பான, மேலே சர்க்கரைப் பாகு பூசிய வகை வெண்ணெயில் செய்தது. "தெ மன்தேகா" என்று கேட்டு வாங்குங்கள். மெலிந்து மொறுமொறுவென்று இருக்கும் "தெ கிராசா" கொழுப்பில் செய்தது.

இரவு உணவு ஒன்பது மணிக்கு மேல்தான். எட்டு மணிக்கு முன்னால் உணவகக் கதவு மூடியிருந்தால் வியப்படைய வேண்டாம். மாலை ஐந்து மணியளவில் பாலும் காப்பியும் ரொட்டியுமாக ஊரே ஒரு சிற்றுண்டி எடுத்துக்கொள்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். 1858-இல் தொடங்கிய தொர்தோனி காப்பிக்கடையின் வாசலில் வரிசை நீளமாக இருந்தால், மூலைக்கு மூலை இருக்கும் பழைய காப்பிக்கடைகளில் ஏதாவது ஒன்றில் உட்காருங்கள். ஒரு காப்பியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இருந்தாலும் எழச் சொல்ல மாட்டார்கள்.

விசா, விமானம், தடுப்பூசி குறித்த விதிகள் என்ன?

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குப் பொதுவாக விசா தேவை. டெல்லியில் தூதரகமும் மும்பையில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. செல்லுபடியாகும் அமெரிக்கச் சுற்றுலா விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்கு 2025-இல் விதி தளர்த்தப்பட்டது. பயணச்சீட்டு எடுக்கும் முன் தூதரகத்தில் நடப்பு விதியை உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. வளைகுடா, ஐரோப்பா, துருக்கி, எத்தியோப்பியா ஆகிய வழிகளில் எதில் சென்றாலும் ஒரு முழு நாளுக்கும் மேல் ஆகும். கடிகாரத்தை எட்டரை மணி நேரம் பின்னால் திருப்ப வேண்டும்.

பலர் மறந்துவிடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அர்ஜென்டினாவுக்குள் நுழைய அந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை. ஆனால் இந்தியா திரும்பும்போது, மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் அர்ஜென்டினாவும் வழியில் இறங்கும் பிரேசிலும் எத்தியோப்பியாவும் இருப்பதால், சான்றிதழ் இல்லாதவர்களைத் தனிமைப்படுத்தி வைக்க நம் விமான நிலைய அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள்களுக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள்.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது?

கசங்காத அமெரிக்க டாலர் நோட்டுகள் கொஞ்சமும் பன்னாட்டு வங்கி அட்டை ஒன்றும் போதும். பல்லாண்டுகளாக அரசு விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் இடையே இருந்த பெரிய இடைவெளி, 2025 ஏப்ரலில் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆகவே தெருவில் "காம்பியோ, காம்பியோ" என்று கூவுபவர்களிடம் மாற்றப் போய் ஏமாற வேண்டியதில்லை. வெளிநாட்டு அட்டையால் விடுதிக் கட்டணம் செலுத்தினால் 21 விழுக்காடு வரி தள்ளுபடி ஆகும். கடவுச்சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

பாதுகாப்பானதா?

பகலில், மக்கள் நடமாட்டமுள்ள தெருக்களில் அச்சமின்றி நடக்கலாம். கைப்பேசிப் பறிப்புதான் பெரிய தொல்லை. நடைபாதை மேசையில் அதை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் சட்டையில் ஏதோ கறை பட்டிருக்கிறது என்று சொல்லித் துடைக்க முன்வருபவரிடமிருந்து, நன்றி சொல்லி விலகி நடங்கள். லா போக்காவில் வண்ணத் தகர வீடுகள் உள்ள கமினீத்தோ பகுதியைப் பகலிலேயே பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிடுவது நல்லது.

ஊருக்குள் எப்படிச் செல்வது? மொழி தெரியாமல் சமாளிக்கலாமா?

"சூபே" அட்டை ஒன்றை வாங்கி பணம் ஏற்றிக்கொண்டால் பேருந்து, சுரங்க ரயில், புறநகர் ரயில் எல்லாவற்றிலும் போகலாம். 1913-இல் ஓடத் தொடங்கிய இங்குள்ள சுரங்க ரயில், தென் அரைக்கோளத்திலேயே முதலாவது. பேருந்தை நிறுத்தத்தில் கைகாட்டித்தான் நிறுத்த வேண்டும். ஏறியதும் இறங்குமிடத்தை ஓட்டுநரிடம் சொன்னால் கட்டணத்தை அவர் இயந்திரத்தில் பதிவார்.

ஆங்கிலம் விடுதிகளோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மற்ற நாட்டு ஸ்பானியத்தில் "ய" என்று ஒலிக்கும் எழுத்துகள் இந்த ஊரார் வாயில் "ஷ" ஆகும். தெருவைக் குறிக்கும் சொல் "காஷே", மே மாதம் "மாஷோ". மேலே நான் பிளாசா தெ மாயோ என்று எழுதிய சதுக்கத்துக்கு வழி கேட்கும்போது "பிளாசா தெ மாஷோ" என்று கேட்டுப் பாருங்கள், உடனே கை நீட்டிக் காட்டுவார்கள்.

ஊருக்கு வெளியே ஒரு நாள் போய்வர எது நல்லது?

ரெத்திரோ நிலையத்திலிருந்து ரயிலேறி, ஆற்றுக் கழிமுகத் தீவுகள் உள்ள திக்ரேவுக்குப் போகலாம். வழியில் சான் இசித்ரோவில் இறங்குவது இன்னும் நல்லது. 1924-இல் பெருவுக்குச் செல்லும் வழியில் நோய்வாய்ப்பட்ட இரவீந்திரநாத் தாகூரை, எழுத்தாளர் விக்தோரியா ஓக்காம்போ அந்த ஊரில் ஆற்றைப் பார்த்த ஒரு வீட்டில் தங்கவைத்து, இரண்டு மாதங்கள் பேணினார். தாகூர் தம் "பூரபி" கவிதைத் தொகுப்பை "விஜயா"வுக்குக் காணிக்கையாக்கினார். விக்தோரியாவுக்கு அவர் இட்ட பெயர் அது. ஓக்காம்போவின் சொந்த மாளிகை இன்று யுனெஸ்கோ வசம் இருக்கிறது. குறிப்பிட்ட நாள்களில் மட்டுமே திறப்பதால், முன்கூட்டியே விசாரித்துச் செல்லுங்கள். ஆற்றைக் கடந்து உருகுவேயின் கொலோனியாவுக்குச் செல்ல விரும்புபவர்கள், அது வேறு நாடு, விசாவும் வேறு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

எத்தனை நாள்கள் ஒதுக்குவது?

ஆறு நாள்கள் இருந்தால் நிறைவாகப் பார்க்கலாம். அந்த ஆறில் ஒரு வியாழனும் ஒரு ஞாயிறும் அமையும்படி பயணச்சீட்டை எடுங்கள். புதன் காலை வந்து இறங்கி, களைப்பாறி, வியாழன் பிற்பகல் 3.30-க்குச் சதுக்கத்தில் இருக்கலாம். ஞாயிறன்று அதே சதுக்கத்திலிருந்து தொடங்கும் தெஃபென்சா தெருவில், சான் தெல்மோ வரைக்கும் பழம்பொருள் சந்தை விரிந்திருக்கும். அதன் வழியே மெல்ல நடந்து, வெயில் சாயும் நேரத்தில் தொரேகோ சதுக்கத்தை அடைந்தால், அங்கே தெருவிலேயே டாங்கோ ஆடிக்கொண்டிருப்பார்கள். கழுத்துக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு மேல் ஆற்றுக்காற்று ஏறிவிடும்.